எந்தப் பள்ளத்தாக்கு ரொமான்ஷ்? புதிதாகக் கற்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுவிஸில் இலான்ஸ் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் ஹோட்டல் சமையலறை வேலை கிடைத்தபோது, போகமுதலே அந்த ஊர் மொழியைக் கொஞ்சம் படித்து வைப்போம் என்று நினைத்தேன். சூரிச்சில் ஒரு பழைய புத்தகச் சந்தையில் 5 பிராங்குக்கு ஒரு பாடப்புத்தகம் அகப்பட்டது. அட்டையில் ரொமான்ஷ் என்று இருந்தது, அது போதும் என்று வாங்கிவிட்டேன். இரண்டு மாதம் ரயிலில் போய்வரும் நேரமெல்லாம் அதைத்தான் படித்தேன். வேலைக்குப் போன முதல் நாள் காலை, பாண் கடையில் நின்ற அம்மாவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "அலெக்ரா!" என்றேன். அவர் சிரித்துவிட்டு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டார்: "எங்கடினில் இருந்தா வாறீங்கள்?"

நான் படித்தது எங்கடின் பள்ளத்தாக்கின் ரொமான்ஷ். நான் வந்திறங்கியது சுர்செல்வா. இங்கே வணக்கம் சொல்வதே வேறு மாதிரி. அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரொமான்ஷ் வேறு, ருமேனிய மொழி வேறு, ரோமா மக்களின் மொழி வேறு. சுவிஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: "ரொமாண்ட்" என்றால் ஜெனீவா, லோசான் பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதி. நாம் கதைப்பது கிழக்கே, கிராவுபுண்டன் மாநிலத்தில் மட்டும் ஊர்மொழியாக இருக்கும் ரொமான்ஷ் பற்றி. உரோமர்கள் கி.மு. 15-இல் இந்த மலைகளைப் பிடித்தபின் பரவிய பேச்சு லத்தீனின் பிள்ளை அது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 35,095 பேர் இதைத் தங்கள் முதன்மை மொழி என்றார்கள். வீட்டிலோ வேலையிலோ பள்ளியிலோ புழங்குபவர்களையும் சேர்த்தால் 60,561 பேர். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனாலும் 1938 பெப்ரவரியில் நாடு முழுவதும் வாக்களித்து இதை நான்காவது தேசிய மொழியாக்கினார்கள். ரொமான்ஷ் வெறும் இத்தாலியக் கிளைமொழி, அந்த மண்ணும் எங்களுக்கே என்று முசோலினியின் ஆட்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆம் என்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல்.

படி 1: பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள்

"ரொமான்ஷ் படிக்கப் போகிறேன்" என்று இங்கே யாரிடம் சொன்னாலும் வரும் அடுத்த கேள்வி "எந்த ரொமான்ஷ்?" என்பதுதான். எழுத்து வடிவமுள்ள ஐந்து கிளைகள் உண்டு. இங்குள்ளவர்கள் அவற்றை "இடியோம்" என்பார்கள்.

முன்ரைன் ஆற்றின் வழியே, சுர்செல்வாவின் இலான்ஸ், ட்ருன், டிசென்டிஸ் பக்கம் சுர்சில்வான். ஆட்பலம் அதிகம் இதற்குத்தான். பெயரின் பொருள் "காட்டுக்கு மேலே". காட்டுக்குக் கீழே, பின்ரைன் பக்கம் சுட்சில்வான். இதுதான் ஐந்திலும் மிக நொந்துபோனது, கதைப்பவர்கள் மிகக் குறைவு. சவோஞின் ஊரைச் சுற்றியும் அல்புலா பள்ளத்தாக்கிலும் சுர்மிரான். மேல் எங்கடினில், அதாவது சென் மோரிட்ஸ், சமேதான், சுவோஸ் பக்கம், புத்தேர். கீழ் எங்கடினில் ஷ்குவோல், குவார்தா, அர்தேஸ் பக்கம் வல்லாதேர். புத்தேர் என்ற பெயர் கூழைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பட்டப்பெயராக இருக்கலாம் என்கிறார்கள். "கூழ் குடிப்பவர்களின் பேச்சு"! இது போக, இத்தாலிய எல்லையில் முஸ்டைர் பள்ளத்தாக்கில் யாவேர் என்று ஒரு பேச்சு. எழுதும்போது அவர்கள் வல்லாதேரில் எழுதுவார்கள். "நான்" என்பதை அவர்கள் "யாவ்" என்பதால் அந்தப் பெயர்.

இந்த "நான்" ஒன்றை வைத்தே எதிரே நிற்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். சுர்சில்வானில் யெவ், சுட்சில்வானில் யொவ், சுர்மிரானில் இயா, புத்தேரில் எயவ், வல்லாதேரில் எவ். வீடு என்பதையும் கேட்டுப் பாருங்கள்: காசா, ட்யேஅ, ட்யேசா, மறுபடி ட்யேசா, ட்யாசா. சுர்மிரான்காரரும் புத்தேர்காரரும் ஏறத்தாழ ஒரே மாதிரிச் சொல்லிவிட்டு, வேறு வேறு எழுத்தில் எழுதுவார்கள்.

ஏன் இத்தனை? மலைகளும் கணவாய்களும் பாதிக் காரணம். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக, பனிக்காலத்தில் வழியே இராது. மற்றப் பாதி, எல்லோரையும் இழுத்துப் பிடிக்க ஒரு நகரம் இல்லாமல் போனது. மாநிலத் தலைநகர் கூர் ஒருகாலத்தில் ரொமான்ஷ் பேசிய ஊர். 1464-இல் நகரம் எரிந்தது. திருப்பிக் கட்ட வந்த கைவினைஞர்களோடு டொச்சும் வந்து குடியேறியது என்பார்கள். அதற்குமேல் மதம். எங்கடின் புரட்டஸ்தாந்துக்குப் போனது, டிசென்டிஸ் மடத்தைச் சுற்றிய ஊர்கள் கத்தோலிக்கமாகவே நின்றன. சுர்செல்வாவுக்குள்ளேயே இரண்டு மதத்தாரும் நெடுங்காலம் இரண்டு எழுத்துக்கூட்டல் வைத்திருந்தார்கள்.

தேர்வு செய்வது எப்படி? நீங்கள் வேலைசெய்யும் ஊர், பிள்ளை படிக்கும் பள்ளி, மனைவியின் அல்லது கணவரின் ஊர் எதுவோ அதுவே உங்கள் இடியோம். அப்படி ஒரு பிடியும் இல்லாதவர்கள் சுர்சில்வானையோ வல்லாதேரையோ எடுங்கள். புத்தகமும் வகுப்பும் கதைக்க ஆளும் அவற்றுக்குத்தான் அதிகம். புத்தகம் வாங்குமுன் அட்டையில் இடியோமின் பெயரைத் தேடுங்கள். "ருமான்ச்" என்று எழுதியிருந்தால் எங்கடின் பக்கமாக இருக்கக்கூடும், "ரொமொன்ச்" என்றால் கட்டாயம் சுர்செல்வா. இந்த இரண்டு எழுத்து வித்தியாசத்துக்குத்தான் நான் 5 பிராங்கும் இரண்டு மாதமும் கொடுத்தேன்.

படி 2: பொதுமொழியை எங்கே வைப்பது

புதியவர்கள் பலர் இணையத்தில் தேடியதும் முதலில் அகப்படுவது "ருமான்ச் கிரிஷுன்". இது ஒரு பொது எழுத்து மொழி. லியா ருமான்ச்சா என்ற மொழி அமைப்பு 1919-இல் தொடங்கியது. அது கேட்டுக்கொண்டதன்பேரில் சூரிச் பேராசிரியர் ஹைன்ரிஹ் ஷ்மிட் 1982-இல் பொதுமொழிக்கான விதிகளை வகுத்துக் கொடுத்தார். முறை எளிது: சுர்சில்வான், சுர்மிரான், வல்லாதேர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடிய மட்டும் இரண்டுக்குப் பொதுவான வடிவத்தை எடுப்பது. பூனைக்குச் சுர்செல்வாவில் "காட்", மற்ற இரண்டிலும் "ஜ்யாட்". ஆகவே பொதுமொழியில் "ஜ்யாட்".

எழுத்து ஒன்று, பேச்சு வேறு என்பது தமிழருக்குப் புதினமா என்ன? அதனால் எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே பட்டது. ஊர்க்காரர்களுக்கு அப்படிப் படவில்லை. நம் எழுத்துத் தமிழுக்குப் பின்னால் இரண்டாயிரம் வருடம் நிற்கிறது. இதற்குப் பின்னால் ஒரு பேராசிரியரின் மேசைதான். அரசு ஆவணங்களில் பொதுமொழி வந்தபோது பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பாடப்புத்தகங்களை இனி இதில் மட்டுமே அச்சிடுவோம் என்று 2003-இல் மாநிலம் முடிவெடுத்து, 2007 முதல் சில ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியதும் பெற்றோர் கொதித்தார்கள். 2011-இல் "ப்ரோ இடியோம்ஸ்" என்ற அமைப்பு எழுந்தது. அதே ஆண்டு மாநில நாடாளுமன்றம் இடியோம் பாடப்புத்தகங்களைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது.

ஆக, அரசு அறிவித்தல், சட்டம், செய்தி வாசிப்பதற்கு ருமான்ச் கிரிஷுன் உதவும். பாண் கடையில் அதைக் கதைத்தால் விளங்கும், ஆனால் செய்தி அறிக்கை வாசிப்பது போல இருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் இன்றே செய்யலாம்: பணப்பையைத் திறந்து ஒரு தாளை எடுங்கள். சுவிஸ் தாள்களில் தொகை நான்கு மொழியிலும் இருக்கும். 10 பிராங்கில் "தியெஷ்", 20-இல் "வெந்ட்ய்", 100-இல் "ச்சியென்ட்". இந்த நாட்டில் உழைத்த எல்லோரும் ரொமான்ஷைக் கையில் பிடித்திருக்கிறோம், வாசித்திருக்கமாட்டோம்.

படி 3: வாய் பழக்குங்கள்

தமிழருக்கு ஒரு சலுகை உண்டு: ஞ. ஜி, என் இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் அது ஞகரம்தான். சவோஞின் என்ற ஊர்ப்பெயரை டொச்சில் வளர்ந்தவர்கள் கடித்துக் குதறுவார்கள், நமக்கு ஒரு மூச்சு. ஜி, எல் சேர்ந்து பின்னால் ஐ வந்தால் "ல்ய". இலான்ஸின் ரொமான்ஷ் பெயர்ப்பலகையைப் பார்த்து "க்லியோன்" என்று வாசிக்காதீர்கள், அது "ல்யோன்". எஸ், சி, எச் மூன்றும் சேர்ந்தால் ஷ.

கஷ்டம் "ட்ய" சத்தத்தில். சுர்செல்வாவில் டி, ஜி என்ற இரண்டு எழுத்தால் எழுதுவார்கள். எங்கடினில் அதே சத்தத்துக்குச் சி, எச். "பச்சை" என்பதில் வரும் ச்ச-வை நாக்கின் நடுவால், கொஞ்சம் யகரம் கலந்து மெல்லிதாகச் சொன்னால் கிட்ட வரும். சுர்சில்வானில் பால் "லாட்ய்", இரவு "நொட்ய்". வானம் "ச்சியெல்" என்னும்போது வருவது வேறு, நம் வழமையான ச்ச. இந்த இரண்டையும் காதால் பிரிக்க எனக்கு ஒரு பனிக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் செய்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். நமக்கு ப ஒன்று, க ஒன்று. அப்பாவுக்குச் சுர்சில்வானில் "பாப்", அதில் முதல் ப குரல் அதிரும் ப. பூனையின் க-வும் அதிரும் க. எழுதி வைத்தால் எல்லாம் ஒன்றாகித் தெரியும், சொல்லும்போது கேட்பவர் முழிப்பார். எங்கடின் பக்கம் போகிறவர்களுக்கு டொச்சின் ü, ö என்ற உதடு குவிந்த இரண்டு உயிரும் வேண்டும். சுர்செல்வாவில் அவை இல்லை. கண், அங்கே குவிந்த உதட்டோடு "ஒய்ல்ய்" போல, இங்கே "எல்ய்".

படி 4: வீட்டில் இருக்கும் சொற்களில் தொடங்குங்கள்

பாண் கடை என்று மேலே எழுதினேன் அல்லவா? சுர்சில்வானில் பாணுக்குச் சொல் "பவுன்", வல்லாதேரில் "பான்". போர்த்துக்கேயர் இலங்கையில் விட்டுப்போன பாணும் இந்த மலையின் பவுனும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். மேசையும் அப்படித்தான், இங்கே "மெய்சா". தமிழ்நாட்டுக்காரர் சொல்லும் சாவிக்கு இங்கே "கிளாவ்", அதுவும் ஒரே வேர். எங்கள் ஹோட்டலில் வேலைசெய்த போர்த்துக்கல்காரர்கள் ரொமான்ஷை எங்களைவிட மூன்று மடங்கு வேகமாகப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். அவர்கள் மொழியும் லத்தீனின் பிள்ளை.

பிறகு வணக்கமும் நன்றியும். சுர்செல்வாவில் பகலில் "பியென் தி", சிநேகிதர்களிடம் "ட்யவ்", நன்றிக்கு "எங்கிராட்சியெல் ஃபெட்ய்", விடைபெற "சின் செவெசேர்". எங்கடினில் "அலெக்ரா" அல்லது "புன் தி", நன்றிக்கு "கிராட்ஸ்யா ஃபிட்ய்", விடைபெற "அ ரெவைர்".

படி 5: இலக்கணத்தில் முட்டும் இடங்கள்

எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை, சுர்சில்வானில் நான் முட்டிய மூன்று இடம் மட்டும்.

"நான்" வரும்போது நிகழ்கால வினை பெரும்பாலும் "எல்" என்று முடியும். "யெவ் எம்ப்ரெந்தெல் ரொமொன்ச்", நான் ரொமான்ஷ் படிக்கிறேன். நன்றி சொல்லும் "எங்கிராட்சியெல்" உண்மையில் "நன்றி கூறுகிறேன்" என்ற வினை. மற்ற இடியோம்களில் இந்த "எல்" இல்லை.

வினை வாக்கியத்தில் இரண்டாவதாக நிற்க வேண்டும். "ஓட்ஸ் மொன் யெவ் அ காசா", இன்று போகிறேன் நான் வீட்டுக்கு. டொச் படித்தவர்களுக்கு இது பழகின ஒழுங்கு. ஆயிரம் வருடம் பக்கத்து வீட்டில் இருந்தால் வீட்டு ஒழுங்கும் தொற்றத்தானே செய்யும். லத்தீன் சொல், டொச் வரிசை.

மூன்றாவதை எனக்குக் கற்பித்தது என் மகன். பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கி நாலு மாதம். வேலையால் வந்து கதிரையில் விழுந்து, களைப்பு என்பதை அவனுடைய மொழியில் சொன்னேன்: "யெவ் சுன் ஷ்டவுங்கெல்." அவன் கார் விளையாட்டை விட்டுத் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான்: "அப்பா, 'ஸ்' விட்டிட்டீங்கள். ஷ்டவுங்கெல்ஸ்." ஆண்பால் எழுவாய்க்குப் பயனிலையாக வரும் பெயரடைக்கு ஒரு "ஸ்" ஒட்ட வேண்டும். லத்தீனின் எழுவாய் விகுதி இந்தப் பள்ளத்தாக்கில் இந்த ஓர் இடத்தில் தங்கிவிட்டது. "ஒரு நல்ல மனிதன்" என்றால் "இன் பியென் உம்". "அந்த மனிதன் நல்லவன்" என்றால் "இல்ய் உம் எய் புன்ஸ்". பெண்பாலுக்கு இது இல்லை. என் மனைவிக்குக் களைத்தால் "ஷ்டவுங்க்லா" மட்டும்.

படி 6: டொச்சுக்குத் தாவவிடாதீர்கள்

எல்லாப் படிகளிலும் கடினமானது இது. ரொமான்ஷ் மட்டும் தெரிந்த பெரியவர் ஒருவரைக்கூட நீங்கள் சந்திக்கமாட்டீர்கள். எல்லோருக்கும் டொச் தண்ணீர். நீங்கள் ஒரு சொல்லில் தடுக்கியதும் அவர்கள் டொச்சுக்கு மாறிவிடுவார்கள். அவமதிப்பு இல்லை, மரியாதை. விருந்தாளியைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று பழகியவர்கள். நீங்களும் டொச்சில் பதில் சொன்னால் அன்றைய பாடம் முடிந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். "யெவ் எம்ப்ரெந்தெல் ரொமொன்ச்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது. அவர் டொச்சில் கேட்டாலும் நான் ரொமான்ஷில் பதில் சொல்வது, இரண்டு சொல்லானாலும் சரி. வேகமாகக் கதைத்தால் "ப்லி ப்லவுன், பெர் பிலஷேர்", இன்னும் மெதுவாக, தயவுசெய்து. நேரமில்லாத இடத்தில், அதாவது மதியச் சாப்பாட்டு நேரச் சமையலறையில், தபால் வரிசையில், டாக்டரிடம், டொச்சிலேயே முடித்துவிடுவது. வயதானவர்களிடம் போங்கள். அவர்களுக்கு நேரமும் உண்டு, பழைய சொல்லும் உண்டு. சின்னப் பிள்ளைகளிடம் போங்கள். அவர்கள் மரியாதைக்காக மொழி மாற்றமாட்டார்கள், பிழையையும் விடமாட்டார்கள்.

படி 7: வகுப்பு, அகராதி, வானொலி

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பாடப்புத்தகங்களும் வகுப்புகளும் பெரும்பாலும் டொச் வழியாகத்தான். டொச் ஓரளவு இல்லாமல் இதற்குள் இறங்குவது வீண் சிரமம்.

வகுப்புத் தேடுபவர்கள் கூரில் இருக்கும் லியா ருமான்ச்சாவில் கேளுங்கள், எந்த இடியோமுக்கு எங்கே என்று சொல்வார்கள். சமேதானில் ட்யேசா பிளாந்தா என்ற பழைய மாளிகையில் கோடையில் புத்தேர் வகுப்பு நடக்கும். பல்கலைக்கழக மட்டத்தில் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சூரிச்சும் ஃபிரைபூர்கும். இணையத்தில் "பிளெதாரி கிரோண்ட்" அகராதி இருக்கிறது, "பெரிய அகராதி" என்று பொருள். தேடும்போது எந்த இடியோம் என்று பார்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் பொதுமொழிச் சொல்லைக் கொண்டுபோய்க் கடையில் நிற்பீர்கள். காதுக்கு ரொமான்ஷ் வானொலியும் தொலைக்காட்சியும் உண்டு. கூரில் இருந்துதான் ஒலிபரப்பு. பேட்டி கொடுப்பவர் ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பேச்சிலேயே கதைப்பார். முதல் மாதம் ஒன்றும் பிடிபடாது. சும்மா ஓடவிடுங்கள், வெங்காயம் வெட்டும்போது.

பிள்ளைகள் இருப்பவர்களுக்கு: மாநில மொழிச் சட்டப்படி நூற்றுக்கு 40 பேராவது ரொமான்ஷ் பேசும் ஊராட்சி ரொமான்ஷ் ஊராட்சி. அங்கே பாலர் பள்ளியும் ஆரம்ப வகுப்புகளும் ரொமான்ஷில்தான், டொச் மூன்றாம் வகுப்பில் வரும். வீட்டில் தமிழ், பள்ளியில் ரொமான்ஷ், முற்றத்தில் சுவிஸ் டொச் என்றால் பிள்ளை குழம்பிவிடுமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். குழம்பியது நாங்கள்தான்.

படி 8: அடுத்த பள்ளத்தாக்குக்குப் போங்கள்

ஒரு வருடம் போனபின் மட்டும். அதற்குமுன் போனால் இருப்பதும் குழம்பும். சுர்செல்வாக்காரரும் எங்கடின்காரரும் சந்தித்தால் தங்கள் தங்கள் ரொமான்ஷிலேயே கதைப்பார்கள், பழகாதவர்கள் கொஞ்சநேரத்தில் டொச்சுக்குப் போய்விடுவதும் உண்டு. நீங்களும் உங்கள் இடியோமை மாற்ற வேண்டாம். சத்தங்களின் மாற்றத்தை மட்டும் பிடியுங்கள். இங்கே "கா" என்று தொடங்கும் சொல் அங்கே "ட்யா" ஆகும்: காசா, ட்யாசா. இங்கே "நெய்வ்" என்ற பனி அங்கே "நைவ்". ஊர்ப்பெயர்களும் கற்றுத்தரும். டிசென்டிஸுக்கு ரொமான்ஷில் முஷ்டேர். கிழக்கெல்லையில் முஸ்டைர். இரண்டும் மடம் என்ற ஒரே லத்தீன் சொல், இரண்டு ஊரிலும் இன்றும் மடம் இருக்கிறது.

எங்கடினில் வீட்டுச் சுவர்களை வாசியுங்கள். சாந்தைச் சுரண்டி எழுதிய வாசகங்கள், பல நூறு வருடம் பழையவை, குவார்தாவிலும் அர்தேஸிலும் வீதி முழுக்க இருக்கும். அவசரம் இல்லாத பாடப்புத்தகம். 1560-இலேயே ஜாக்கியாம் பிஃப்ருன் புதிய ஏற்பாட்டைப் புத்தேரில் அச்சிட்ட பக்கம் அது, எழுத்தில் அவர்களுக்குப் பெருமை அதிகம். மார்ச் 1 அன்று போக முடிந்தால் பிள்ளைகள் மணிகளை ஆட்டிக்கொண்டு பனிக்காலத்தைத் துரத்தும் சலாந்தமார்ஸ் ஊர்வலமும் பார்க்கலாம்.

என் 5 பிராங் புத்தகம் வல்லாதேர் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். போன கோடையில் ஷ்குவோலுக்குப் போனபோது அதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ரயிலடிக்குப் பக்கத்துக் கடையில் நின்றவரைப் பார்த்து "அலெக்ரா!" என்றேன். அவரும் "அலெக்ரா!" என்றார். பிறகு நான் பாண் கேட்டேன், "பவுன்" என்று. "சுர்செல்வாவில் இருந்தா?" என்று ரொமான்ஷிலேயே கேட்டார்.